சவாரித் தரவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து வார இறுதியொன்றில், பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் நால்வர் கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்தேவியில் கொடிகாமத்துக்குப் புறப்பட்டோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கொடிகாமத்துக்கு அயலிலுள்ள ஒரு கிராமத்தின் தரவையில் மாட்டுவண்டிச் சவாரி நடைபெற இருந்தது. அதைப் பார்ப்பதே நோக்கம். நால்வரில் ஒருவர் கொடிகாமத்தில் பிறந்து, கனடாவில் நெடுங்காலமாக வாழ்பவர். அவருடைய தந்தையார் ஒரு காலத்தில் பெயர்பெற்ற சவாரிக்காரர். பயணத்துக்கான யோசனையும் அவருடையதுதான்.

மாகோவைத் தாண்டிப் புகையிரதம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒன்ராறியோ மாகாணத்தில் தாம் பார்த்த 'ஸ்டொக் கார்' பந்தயமொன்றைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். 'ஸ்டொக்' என்றால் என்ன என்று கேட்டோம். "கடையில விக்கிற கார், மச்சான். நீயும் நானும் வேலைக்குப் போற கார். அதையே கொண்டுவந்து வட்டத்தில ஓடவிடுறது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்கட ஐயாவும் அதைத்தானே செய்தவர். கிழமை நாளில வயலுக்குப் போற மாடு, ஞாயிற்றுக்கிழமை சவாரிக்குப் போகும்" என்றார்.

அந்த ஒப்பீடு மேலோட்டமானதன்று என்பது பின்னர் இரண்டினதும் வரலாற்றைப் படித்தபோது எனக்குத் தெளிவாயிற்று. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பதிவின் நோக்கம்.

*

முதலில் அமெரிக்கக் கதை. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. தென் மாநிலங்களின் மலைக்கிராமங்களில் காய்ச்சிய சாராயத்தை இரவோடிரவாக நகரங்களுக்குக் கொண்டுசெல்வதற்குச் சாதாரண போர்ட் கார்களே பயன்பட்டன. மதுவிலக்கு நீங்கிய பின்னரும் வரி கட்டாத சாராயத்துக்குச் சந்தை இருந்ததால் இத்தொழில் தொடர்ந்தது. பார்வைக்கு அயலவருடைய காரைப் போல் இருக்கவேண்டும். பொலிஸ் துரத்தினால் பறக்கவேண்டும். ஆகவே இயந்திரத்தின் வலுவைக் கூட்டினார்கள். பின்புறத்தில் சாராயப் பாரம் ஏறினாலும் கார் தாழ்ந்து காட்டிக்கொடுக்காதிருக்க, பின் வில்லுகளை இறுக்கினார்கள். யாருடைய கார் வேகமானது என்ற வாக்குவாதம் ஓய்வு நாட்களில் புழுதித் தரைகளில் தீர்க்கப்பட்டது. ஸ்டொக் கார் பந்தயத்தின் வேர்களில் முக்கியமானது இது.

1948 பெப்ரவரியில் பில் பிரான்ஸ் என்பவரின் முயற்சியால் புளோரிடாவின் டேட்டோனா பீச்சில் 'நாஸ்கார்' என்ற அமைப்பு உருவானது. சாதாரண கார்களுக்கு மட்டுமான அதன் முதற் பந்தயம் 1949 ஜூன் 19ஆந் திகதி வட கரோலைனாவின் சார்லட் நகரில் நடைபெற்றது. முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்தபின் அவருடைய 1947ஆம் ஆண்டு போர்ட் காரைப் பரிசோதித்த அதிகாரிகள், அதன் பின் வில்லுகள் சாராயக் கடத்தற்காரர் செய்வதுபோல் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டு அவருடைய வெற்றியை இரத்துச் செய்தனர். கான்சஸ் மாநிலத்திலிருந்து லிங்கன் கார் ஒன்றில் வந்திருந்த ஜிம் ரோப்பர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

இந்தச் சம்பவத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்கவேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

*

இனி எங்கள் கதை. சவாரி என்ற சொல் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. ஏறிச் செல்லுதல் என்பது பொருள். யாழ்ப்பாணத்திலோ அச்சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. "இன்றைக்குச் சவாரி" என்றால் அது இரட்டை மாடு பூட்டிய வண்டில்கள் ஓடும் போட்டியையே குறிக்கும். சவாரிக்காரன், சவாரி மாடு, சவாரித்திடல் என்று ஒரு சொற்குடும்பமே இதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. பத்திரிகைத் துறையில் உள்ளவர்களுக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வரும். 'சிரித்திரன்' ஆசிரியர் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் தினகரனில் வரைந்த கருத்தோவியப் பாத்திரத்தின் பெயர் 'சவாரித் தம்பர்'. ஒரு நாளிதழின் வாசகர் அனைவரும் பார்த்தவுடன் அடையாளங் காணக்கூடிய யாழ்ப்பாணத்து மனிதரைப் படைக்க நினைத்த ஓவியர், அவருக்குச் சவாரியையே அடைமொழியாக வைத்தார். அக்காலத்துச் சமூகத்தில் சவாரிக்கு இருந்த இடத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிய ஆறுகள் இல்லை. உள்நாட்டுப் போக்குவரத்து முழுவதும் வண்டிலையே நம்பியிருந்தது. வன்னியிலிருந்து நெல் வந்ததும், பின்னாளில் மலையாளக் கரைக்குத் தோணியேறிய புகையிலை கடற்கரைக்குச் சென்றதும், பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கப் போனதும், வற்றாப்பளைக்கும் புளியம்பொக்கணைக்கும் குடும்பத்தோடு யாத்திரை போனதும் வண்டிலில்தான். பாரம் ஏற்றும் வண்டில் ஒன்று. கூடாரம் போட்ட பயண வண்டில் இன்னொன்று. வசதியுள்ளவர்கள் வைத்திருந்த இலேசான திருக்கல் வண்டில் மற்றொன்று. தெற்கே சிங்கள மக்களும் ஏறத்தாழ இதே சொல்லையே 'திரிக்கலை' என்று வழங்குகிறார்கள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளில் அதை ஓட்டுகிறார்கள். கோயிலிலிருந்து வெறும் வண்டிலோடு திரும்புகின்ற இளவட்டங்கள் ஒருவரையொருவர் முந்த முயன்றதிலேதான் சவாரி பிறந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். வெற்று வீதியும், ஓடக்கூடிய மாடும், பக்கத்தில் இன்னொரு வண்டிலும் இருந்தால் மனித இயல்பு அதைத்தான் செய்யும். வட கரோலைனாவிலும் அதுவே நடந்தது.

இவ்விளையாட்டுக்குத் தென்மராட்சியின் நிலமும் வாய்ப்பாக அமைந்தது. கொடிகாமத்துக்குத் தெற்கே கச்சாய்ப் பக்கமாகக் கடல்நீரேரி. வடக்கே வரணியைத் தாண்டினால் வடமராட்சி நீரேரி. நீரேரிக் கரைகளில் பயிர் செய்ய முடியாத புல்வெளிகள் உண்டு. அவற்றைத் தரவை என்போம். மாரியில் நீர் நிற்கும். கோடையில் இறுகிய மேசைபோல் ஆகிவிடும். தை, மாசியில் நெல் அறுவடை முடிந்தபின் வயல்களும் வெறுமையாகும். மாட்டுக்கும் வேலை குறையும். அப்போது தொடங்கும் சவாரிக் காலம்.

ஓட்டத்தின் நுட்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். இரு சக்கர வண்டிலில் எல்லாமே பாரத்தின் சமநிலையைப் பொறுத்தது. பாரம் அச்சுக்கு முன்னே கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே கூடினால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு நெரிக்கும். நல்ல சாரதி, மாடு பாய்கின்ற வேகத்துக்கு ஏற்பத் தன் உடலை முன்னும் பின்னும் நகர்த்தி, கழுத்தில் பாரமே தெரியாதபடி பார்த்துக்கொள்வான். சோடி சேர்ப்பது அதைவிடக் கடினம். ஒரு மாடு மற்றதைவிட அரை அடி முந்தினாலும் வண்டில் பக்கவாட்டில் இழுபடும். ஆகவே ஒரே உயரமும் ஒரே நடையும் உள்ள இரு நாம்பன்களைத் தேடி ஊரூராக அலைவார்கள். எங்கள் நண்பரின் தந்தையார் ஒரு வலது மாட்டுக்கு ஏற்ற இடது மாடு தேடி இரண்டு ஆண்டுகள் திரிந்தாராம்.

*

நான் வடமராட்சிக்காரன். சிறுவயதில் எனக்குக் கொடிகாமம் என்றால் தட்டிவான்தான். பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையே ஓடிய அந்த வாகனத்துக்கு, மூக்கு நீண்ட பழைய பிரித்தானியர் காலத்து இயந்திரம். அதன்மேல் உள்ளூர்த் தச்சர் பொருத்திய மரக்கூடு. பின்புறம் சங்கிலியில் தொங்கும் ஒரு தட்டி. உள்ளே மனிதர், தட்டியிலும் கூரையிலும் தேங்காய், பலாப்பழம், வாழைக்குலை. 1958 ஜனவரி 1ஆந் திகதி பேருந்துச் சேவை தேசியமயமான பின்னரும் சந்தைக்காரரை நம்பி அது ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்து கொடிகாமத்தில் யாழ்தேவி பிடித்துக் கொழும்புக்குப் போவோம்.

தட்டிவானும் லொறியும், பின்னர் இரு சக்கர உழவு இயந்திரமும் வந்ததோடு வண்டிலின் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். போர் அதை ஒருமுறை பொய்யாக்கியது. 1990 ஜூன் மாதத்தில் யாழ்தேவி நின்றது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்கவில்லை. கார்ப்புரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு முடுக்கி, மிகுதித் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40 கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் எங்கள் தலைமுறை மறக்காது. அந்த வேலையைச் செய்த வீதியோர மெக்கானிக்குகளை அமெரிக்காவின் சாராயக் கார்க்காரர்கள் கண்டிருந்தால் கைகூப்பியிருப்பார்கள். அக்காலத்தில் வண்டிலும் மீண்டும் வீதிக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, சைக்கிள்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் நடுவே வண்டில்களும் மூட்டை முடிச்சுகளோடு ஊர்ந்து வந்தன. சவாரிக்கென்று வளர்த்த மாடுகள் நோயாளரையும் முதியவரையும் இழுத்தன.

பிறகு தென்மராட்சியின் முறை வந்தது. 2000 ஏப்ரல் 22ஆந் திகதி ஆனையிறவு வீழ்ந்தது. சண்டை மேற்கு நோக்கி நகர்ந்து, மே மாதத்தில் சாவகச்சேரி சிதைந்தது. எங்கள் நண்பர் அப்போது ரொறன்ரோவில் இருந்தார். அவருடைய தந்தையார் வீட்டை விட்டுப் புறப்படும்போது தம் சோடி மாடுகளை அவிழ்த்துவிட்டார். விடுமுன், வேலியில் சிக்கிச் சாகும் என்று அவற்றின் நாணயக் கயிறுகளை அறுத்தெடுத்தாராம். திரும்பி வந்தபோது மாடுகள் இல்லை. கயிறுகள் மட்டும் அவரிடம் இருந்தன. அதன்பின் அவர் இறக்கும்வரை மாடு வளர்க்கவில்லை. சவாரி பார்க்கவும் போகவில்லை.

முகமாலை 2000ஆம் ஆண்டு தொடக்கம் போர்முனையாகவே இருந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரும் அங்கே கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் நீடித்தது. மோட்டார் பந்தய வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், சென்னைக்கு அருகே சோழவரம், எங்கள் நாட்டின் கட்டுக்குருந்த ஆகிய பந்தயத் தடங்கள் யாவும் இரண்டாம் உலகப் போருக்காகப் போடப்பட்ட விமான ஓடுதளங்கள். போர் முடிந்ததும் அவை விளையாட்டுக்குக் கிடைத்தன. தென்மராட்சியிலோ மாடு மேய்ந்த தரையும் வண்டில் ஓடிய தரையும் போருக்குப் போயின. மீட்டெடுப்பதற்குத் தடிகளோடும் கருவிகளோடும் அங்குலம் அங்குலமாகத் தேடவேண்டியிருந்தது.

2014 மார்ச்சில் புகையிரதம் பளைக்கும், ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் வந்தது. அதற்கு முன்னரே சவாரி திரும்பிவிட்டது. பொங்கலையொட்டியும் சித்திரையிலும், கோயில் திருவிழாக்களையொட்டியும் வடக்கின் பல ஊர்களில் சவாரிப் போட்டிகள் நடைபெறுகின்றன.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பிற்பகலில் தரவையை அடைந்தோம். ஒலிபெருக்கியில் பழைய பாடல்கள். கச்சான் கடலை விற்போர், ஐஸ்கிறீம் வான்கள், தோளில் துண்டோடு முதியவர்கள், கைப்பேசியில் படம் பிடிக்கும் இளைஞர்கள். மாடுகளைத் தரம் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் இரண்டிரண்டு வண்டில்களாக ஓடவிட்டார்கள். ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்த நொடிகளில் நிலம் அதிரும். சக்கரத்தின் ஓசையும் கூட்டத்தின் கூச்சலும் சேர்ந்து எழும்போது, எங்களில் மிக அமைதியானவர்கூடக் கதிரையிலிருந்து எழுந்து நின்றார்.

மாடுகளைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் வண்டிலில் வரவில்லை. சிறிய லொறிகளில் மாடுகளை ஏற்றி வந்தார்கள். நண்பர் அதைச் சுட்டிக்காட்டினார். இந்த மாடுகள் வயலுக்குப் போவதில்லை, பாரம் இழுப்பதில்லை. ஓடுவதற்காக மட்டுமே வளர்கின்றன. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. இன்று நாஸ்காரில் ஓடும் கார் எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. பந்தயத்துக்கென்றே செய்த சட்டகத்தின்மேல் விற்பனைக் காரின் முகத்தைப் போர்த்திவிடுகிறார்கள். அன்றாட வாழ்விலிருந்து பிறந்த விளையாட்டு, அன்றாட வாழ்வை விட்டு நீங்கிய பின்னும் உயிரோடிருக்கிறது. காருக்கு அதனால் நட்டமில்லை. மாட்டுக்கு உண்டு. திங்கட்கிழமை வயலுக்கு வேண்டிய மாட்டை ஞாயிற்றுக்கிழமை எவனும் காயப்படுத்தமாட்டான். அந்த இயற்கையான காவல் இப்போது இல்லை.

முள்ளுப் பதித்த தடி பாவிக்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தடிகளை எவரும் பரிசோதித்ததாகத் தெரியவில்லை. மாலையில் நடந்த ஓர் ஓட்டத்தில் வென்ற வண்டில் எங்களைக் கடந்து திரும்பியபோது, இடது மாட்டின் பின்தொடையில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கூட்டம் சாரதியைத் தூக்கிக்கொண்டாடியது. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அடிச்சு ஓட்டுறது சவாரியோ தம்பி? எங்கட காலத்தில துவரங்கேட்டியை ஓங்கினாலே போதும்" என்றார். அக்காலத்திலும் அடித்தவர்கள் இருந்திருப்பார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் அடிக்காமல் ஓட்டுவதே பெருமை என்ற ஓர் அளவுகோல் இருந்தது என்பதையும் நம்புகிறேன். நண்பர் எதுவும் பேசவில்லை. இருட்டும்வரை அந்த மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

*

அன்றிரவு கொடிகாமத்தில் நண்பரின் உறவினர் வீட்டு முற்றத்தில் இதைப்பற்றி நீண்ட விவாதம் நடந்தது. ஒருவர் தடைசெய்யவேண்டும் என்றார். தமிழ்நாட்டு அனுபவத்தை எடுத்துக்காட்டினேன். 2014 மே 7ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் ஏறுதழுவலையும் காளை வண்டிப் பந்தயங்களையும் தடைசெய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் மக்கள் திரண்டனர், சட்டம் திருத்தப்பட்டது. (2023 மே 18ஆந் திகதி அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அது எங்கள் பயணத்துக்குப் பிற்பட்ட செய்தி.) முழுத் தடை மக்களை விளையாட்டின் பக்கம் தள்ளியதேயன்றி, மாட்டின் பக்கம் திருப்பவில்லை. மேலும், சவாரி இல்லையென்றால் உழவுக்கும் உதவாத நாம்பனை வளர்ப்பார் யார்? அது நேரே இறைச்சிக்கடைக்குப் போகும்.

அதேவேளை, 'பாரம்பரியம்' என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடவும் முடியாது. எங்கள் நாட்டின் மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்கு உரியது. வண்டில் மாடு வீதியெங்கும் நிறைந்திருந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. அதை நம்பியிருப்பதைவிடச் சவாரிக்காரரே தமக்கு விதி எழுதிக்கொள்வது மேல்.

அப்போதுதான் 1949ஆம் ஆண்டுச் சம்பவத்தை நண்பர் சொன்னார். முதற் பந்தயத்திலேயே முதலாவதாக வந்தவரின் வெற்றியைப் பறித்த துணிவு பற்றிச் சொன்னார். அதே அமைப்பு 2001 பெப்ரவரி 18ஆந் திகதி டேட்டோனாவில் டேல் ஏர்ன்ஹார்ட் என்ற தன் மிகப்பெரிய வீரரைப் பலிகொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கழுத்தையும் தலையையும் காக்கும் கருவியைச் சாரதிகளுக்குக் கட்டாயமாக்கியது. பின்னர் சுவர்களையும் மாற்றியது. விதிப்புத்தகம் தடித்துக்கொண்டே போனது, விளையாட்டு அழியவில்லை.

நாங்கள் நால்வரும் அன்று ஒருமித்து வந்த முடிவு எளியது. ஓட்டத்துக்கு முன் தடிகளைப் பார்க்கவேண்டும். ஓட்டத்துக்குப் பின் ஒரு கால்நடை வைத்தியர் மாடுகளைப் பார்க்கவேண்டும். எந்த மாட்டின் உடம்பில் இரத்தம் தெரிகிறதோ அந்த வண்டில், முதலாவதாக வந்திருந்தாலும் தோற்றதாக அறிவிக்கப்படவேண்டும். கூட்டத்தின் முன்னிலையில் ஒரேயொரு முறை அப்படி அறிவித்தால் போதும்; அடுத்த சவாரிக்கு எவனும் முள்ளுத்தடி கொண்டுவரமாட்டான். பல சவாரிக்காரர்கள் தம் மாடுகளைப் பிள்ளைகள்போல் வளர்ப்பவர்கள். அந்த விதி முதலில் காக்கப்போவது அவர்களுடைய மானத்தையே.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற மாதங்களில் நண்பர் கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசினார். "இப்ப ஐயாட சோடி இருந்திருந்தால் ஊரே அவரைத் தேடி வந்திருக்கும்" என்றார். சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, தந்தையாரின் நாணயக் கயிறுகள் இரண்டும் இப்போது தம்மிடம், ரொறன்ரோவில், இருப்பதாகச் சொன்னார். 2018இல் திரும்பிப் போகும்போது எடுத்துச் சென்றிருக்கிறார். எங்களில் எவருக்கும் அதை அவர் அப்போது சொல்லவில்லை.